மணியார்டரும் சர்க்கார் பொறுப்பும்

சர்க்கார் கஜானாக்களின் வசமிருந்த பணம் அனுப்பும் வேலை 1880-ம் வருஷத்தில் தபால் இலாகாவின் கைக்கு மாறியது. கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த காரியம் அதன் பின் கிராமத்துத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. இதை ஜனங்களுக்குச் செய்த பெரிய உபகாரமென்று ஒப்புக்கொள்வதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் உபகாரத்துடன் கூடவே ஒரு கதவும் சார்த்தப்பட்டது. நோட்டையோ நாணயத்தையோ சாதாரணக் கடிதத்தில் வைத்து அனுப்பலாகாது, இன்ஷ்யூர் செய்தே அனுப்பவேண்டுமென்று தபால் விதிகள் கூறின. பத்து ரூபாய் அனுப்பும் கூலிக்காரனுக்கு மணியார்டரைத் தவிர வேறு கதி ஏது?

வேறு வழியை அடைத்து, தன் வழியே வருவோரிடம் கமிஷனும் வாங்குகிறவர் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது சாதாரண நியாயம். 1898-ம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டமோ இதற்கு நேர்மாறாகப் பேசியது. ஊழியரின் கவனக்குறைவாலோ தவறுதலாலோ பணம் தாமதித்தாலும் மறுக்கப்பட்டாலும், மோசடியோ வேண்டுமென்றே செய்த செயலோ இல்லாதவரை, வழக்கில்லை. தவறான ஆளிடம் பணம் சேர்ந்திருந்தாலும், மணியார்டர் போட்ட தேதியிலிருந்து ஓராண்டு கழிந்துவிட்டால் வழக்கில்லை. இவையெல்லாம் அதன் 48-வது பிரிவின் ஷரத்துக்கள். தனிப்பட்ட வியாபாரி ஒருவன் தன் ரசீதில் இப்படி அச்சிட்டால் எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்? கைநாட்டு வைப்பவளுக்கு மட்டும் சாட்சி வேண்டுமென்று கேட்டார்கள். அந்த ஜாக்கிரதை முழுவதும் இலாகாவின் பாதுகாப்புக்கே பயன்பட்டது.

அன்னியர் எழுதிய சட்டம் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 2023-ல் புதுச் சட்டம் இயற்றி, 2024 ஜூன் மாதம் அமுலுக்குக் கொண்டுவந்தது. அதன் 10-வது பிரிவும், விதிகளில் குறிக்கப்படும் பொறுப்பைத் தவிர இலாகாவுக்கு வேறு பொறுப்பு எதுவுமில்லை என்றே சொல்கிறது. விதிகளை எழுதுவதும் சர்க்காரே. பொறுப்பின் அளவை நிர்ணயிப்பதும் சர்க்காரே!

பழைய காகித மணியார்டர் 2015 ஏப்ரலில் நின்றுபோயிற்று. பாரத்தின் அடியிலிருந்த சிறு துண்டில் மகன் எழுதிய நாலு வரியும் அதோடு போயிற்று. மின் மணியார்டரில் இலாகா வகுத்த வாசகங்களுள் ஒன்றையே பொறுக்கவேண்டியதாயிற்று. கையில் போன் வைத்திருப்பவர் 2016 முதல் யு.பி.ஐ. மூலம் கட்டணமின்றிப் பணம் அனுப்பலானார். மணியார்டரை நம்பியவரோ இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், அதாவது நூற்றுக்கு ஐந்து, கொடுத்து வந்தார். இவ்வளவு கூலி பெறும் வேலைக்குப் பொறுப்பில்லை என்பதை நாம் ஏற்கமாட்டோம். தாமதத்துக்கும் தவறான பட்டுவாடாவுக்கும் நஷ்ட ஈடு உண்டென்பதை, விதிகளுக்கு விட்டுவிடாமல், சட்டத்திலேயே எழுதவேண்டும். நமது அங்கத்தினர்கள் இதற்கொரு திருத்த மசோதாவைப் பார்லிமெண்டில் கொண்டுவருவார்களாக.