1956-இல் பிறக்காத கடற்படை

மேற்கு ஜெர்மனியின் கடற்படை 1956-இல் வெறுந்தரையிலிருந்து எழுந்தது என்ற நம்பிக்கை வரலாறு படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. 1945 மே மாதம் ஹிட்லரின் கடற்படை சரணடைந்தது, எஞ்சிய கப்பல்களை வென்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள், பத்தாண்டு கழித்துப் பழையதோடு ஒட்டுறவில்லாத படை ஒன்று பிறந்தது என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது. கப்பல்களைப் பொறுத்தவரை இது ஓரளவு சரி. மனிதர்களைப் பொறுத்தவரை பொய்.

போர் முடிந்தபோது வடகடலிலும் பால்டிக் கடலிலும் கண்ணிவெடிகள் மண்டிக் கிடந்தன. அவற்றை அகற்றாமல் எந்தச் சரக்குக் கப்பலும் அச்சமின்றித் துறைமுகம் சேர முடியாது. ஆகவே 1945-லேயே பிரிட்டிஷ் கடற்படையின் மேற்பார்வையில் ஜெர்மன் கண்ணிவெடி அகற்றும் நிர்வாகம் அமைந்தது. உச்சத்தில் அதில் ஏறத்தாழ 27,000 பேரும் சுமார் 300 கலங்களும் இருந்தன. ஆணையிட்டவர்கள் பழைய அதிகாரிகள். உடுத்தியது ஸ்வஸ்திகா நீக்கிய பழைய சீருடை. தோற்ற நாட்டின் படை கலைக்கப்படவில்லை என்று சோவியத் ஒன்றியம் ஆட்சேபித்தது. அதில் அரசியல் இருந்தது, உண்மையும் இருந்தது. அந்த நிர்வாகம் கலைந்த பிறகும் குக்ஸ்ஹாஃபனில் சிறிய குழு ஒன்று சிவிலியன் பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தது. 1951 முதல் அமெரிக்கப் படையின் கீழிருந்த தொழிலாளர் சேவைப் பிரிவும் மேற்கு ஜெர்மனியின் கடல் எல்லைக் காவலும் பழைய மாலுமிகளுக்கு இடம் கொடுத்தன. எல்லைக் காவலின் ஆட்களும் படகுகளும் 1956-இல் புதிய கடற்படைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

திட்டமும் முன்பே தயாராகிவந்தது. 1949-இல் பிரெமர்ஹாஃபனில் அமெரிக்கர்கள் கூட்டிய கடற்படை வரலாற்றுக் குழுவில் ஃப்ரீட்ரிக் ரூகே, கெர்ஹார்ட் வாக்னர், ஹெல்முட் ஹெய்யே போன்ற முன்னாள் அட்மிரல்கள் இருந்தார்கள். போர் அனுபவங்களை எழுதித்தருவது அவர்களுடைய வேலை. வருங்காலக் கடற்படை எப்படி அமைய வேண்டும் என்ற சிந்தனையும் அங்கேயே உருவானது. ரூகேதான் பிறகு புதிய கடற்படையின் முதல் தலைமை அதிகாரியானார்.

கிழக்கு ஜெர்மனி தன்னைத் தூய்மையான தொடக்கமாகக் காட்டிக்கொண்டது. கம்யூனிஸ்டான வால்டெமர் வெர்னர் தலைமையில் 1950-இல் கடற்காவல் படை உருவானது. 1960-இல் அது மக்கள் கடற்படை என்று பெயர் பெற்றது. ஆனால் அங்கும் ஹிட்லரின் கடற்படையில் அதிகாரியாக இருந்த ஹைன்ஸ் நொய்கிர்ஷன் வைஸ் அட்மிரலாக உயர்ந்தார். கப்பலோட்டத் தெரிந்தவர்கள் வேறெங்கிருந்தும் வர முடியாது.

பழையவர்களைச் சேர்த்தது குற்றமென்று சொல்வதற்கில்லை. தொடர்ச்சி இல்லை என்று நடிப்பதுதான் தீங்கானது, ஏனென்றால் யார் எதைச் சுமந்து வந்தார்கள் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. 1956 ஜனவரியில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் முதல் தன்னார்வலர்கள் முன் பேசிய கேப்டன் கார்ல்-அடால்ஃப் ட்சென்கர், ஹிட்லரின் கடற்படைத் தலைவர்களாயிருந்து நியூரம்பர்க்கில் தண்டனை பெற்ற ரேடர், டோனிட்ஸ் இருவரின் பெயரையும் காத்துப் பேசினார். அந்தப் பேச்சு நாடாளுமன்ற விவாதம் வரை போனது. வானத்திலிருந்து குதித்த படையாயிருந்தால் அதன் முதல் மாதத்திலேயே அந்த இரு பெயர்களும் எழுந்திருக்குமா?

புதியது ஒன்று உண்மையாகவே இருந்தது: படைமீது நாடாளுமன்றத்தின் கட்டுப்பாடு. 1956-இல் திருத்தப்பட்ட அரசியல் சட்டம் படைகளைக் கண்காணிக்க நாடாளுமன்ற ஆணையர் பதவியை ஏற்படுத்தியது. 1961-இல் அப்பதவிக்கு வந்தவர் பிரெமர்ஹாஃபன் குழுவின் அதே ஹெய்யே. 1964-இல் அவர் படை அரசுக்குள் இன்னொரு அரசாகும் போக்கைப் பத்திரிகையில் வெளிப்படையாக எச்சரித்தார், எதிர்ப்பு கிளம்பியது, அதே ஆண்டில் பதவி விலகினார்.