கணக்கன் கூலி

பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும், மறுப்பார் எவருமிலர். ஆனால், அக்கணக்கை எழுதுபவனுக்குக் கூலி தருவது யார்?

2016-இல் இஸ்தான்புல்லில் நிகழ்ந்த உலக மனிதநேய மாநாட்டின்போது, 2020-க்குள் நிவாரண நிதியில் 25 விழுக்காடேனும் உள்ளூர் அமைப்புகளைச் சேரச் செய்வதாகக் கொடை நாடுகளும் பெருநிறுவனங்களும் உறுதி கூறின. உறுதி காற்றில் போயிற்று. “உள்ளூரார்க்குக் கணக்குத் திறன் போதாது” என்பர் சிலர். திறன் எங்ஙனம் வளரும்? நிருவாகச் செலவைத் தாம் எடுத்துக்கொண்டு, துணைமானியம் பெறும் சிற்றமைப்புக்கு அரிசிக்கும் கூடாரத்திற்கும் மட்டும் பணமளித்து, விதிகளை மட்டும் குறையாமல் அதன் தலையில் ஏற்றுவது முறையோ?

தனி உடன்பாடு இல்லாத அமைப்புகள் கோரத்தக்க மறைமுகச் செலவின் உச்சத்தை, அமெரிக்கக் கூட்டரசு 2024 அக்டோபரில் 10-லிருந்து 15 விழுக்காடாக உயர்த்தியது. ஏனையோரும் அவ்வழி செல்க. பற்றுச்சீட்டுக் கேட்கும் கை, கணக்கனின் ஊதியத்தையும் நீட்டுக!