சாக்கெட் பொருந்தினால் போதுமா?

பழைய கணினி மெதுவாகிவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, பிராசஸரை மாற்றிவிடலாம் என்பதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. கையில் இருப்பதோ 7ஆம் தலைமுறை ஐ5. பழைய சந்தையில் ஒரு ஐ5-8400 வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது அல்லவா?

முடியாது! இரண்டுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151தான். பிராசஸர் அதில் அழகாக உட்காரும். ஆனால் கணினி பூட் ஆகாது. 2017 அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். மின்சாரம் தரும் முறை மாறியதே காரணம் என்றது இன்டெல். பயாஸைத் திருத்திப் பழைய போர்டிலேயே ஓட்டிக்காட்டிய ஆர்வலர்களும் உண்டு. அது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஒன்றோடொன்று சேராத இரண்டுக்கும் ஒரே பெயரை விட்டுவைத்தது வாங்குபவரைக் குழப்பும் செயல்தான்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் நிலைமை பரவாயில்லை. 2017இல் வந்த 300 வரிசை போர்டுகளிலும் ரைசன் 5000 ஓடுவதற்கு 2022இல் அந்நிறுவனம் வழிவிட்டது. ஆனால் அதற்கும் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் பழைய பிராசஸர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். புதியதை மாட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் திரையில் ஒன்றும் வராது.

எனவே காசு கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பேஸ்போர்டு பிராடக்ட்' வரியில் போர்டின் மாடல் தெரியும். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். எந்த பயாஸ் பதிப்பு தேவை என்பதும் அதிலேயே இருக்கும். போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலும் ரிவிஷன் மாறினால் பட்டியல் மாறலாம்.

பட்டியலில் இல்லையா? அந்த பிராசஸரை மறந்துவிடுங்கள். விண்டோஸ் 11தான் வேண்டும் என்றால் போர்டையும் சேர்த்து மாற்றக் கணக்குப் போடுங்கள். வேகம் மட்டும் போதும் என்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் நிறுவினாலே பழைய கணினி இன்னும் சில வருடம் உழைக்கும்.

"அதெல்லாம் செட் ஆகும் சார்" என்று விற்பவர் சொல்வது உத்தரவாதம் ஆகாது. பட்டியலில் பெயர் இருப்பதுதான் உத்தரவாதம்.