ரோல் மாட்டிக் கொடுத்த கடைக்காரர்

ஃபிலிம் ரோல் வாங்கினால் கடைக்காரரே கேமராவில் மாட்டிக் கொடுப்பார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணத்துக்கோ ஊட்டி டூருக்கோ கேமராவோடு கிளம்பியவர்களுக்கு இது பழகிய காட்சி. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் கேமராவின் முதுகைத் திறப்பார். ஃபிலிமின் நுனியை இழுத்துச் சொருகி மூடி, லீவரைத் தள்ளுவார். அப்போது இடது மூலையில் இருக்கும் சின்னக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஒழுங்காக நகர்கிறது என்று அர்த்தம். சுழலாவிட்டால் ரோலைக் கழுவும்போதுதான் விஷயம் தெரியும்: ஒரு படம்கூட விழுந்திருக்காது. தாலி கட்டுவதை இன்னொரு தடவை எடுக்க முடியுமா?

“இந்தக் குமிழைப் பாத்துக்கிட்டே எடுங்க சார்” என்று சொல்லித் தருவார். அதற்குப் பில் கிடையாது.

அசல் சேவை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ரோல் கழுவக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் பிரின்ட் வாங்கப் போனால், அந்தக் கவரைக் கொடுப்பதற்கு முன்பே அவர் படங்களைப் பார்த்திருப்பார். “வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும் சார், முகமெல்லாம் கறுத்துப்போச்சு பாருங்க.” “மேடைக்கு இவ்ளோ தூரத்துல நின்னா ஃபிளாஷ் போய்ச் சேராது.” வாடிக்கையாளர் எங்கே தப்பு செய்கிறார் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை அது. இன்றைக்கு எத்தனை யூடியூப் வீடியோ பார்த்தாலும் அதில் வருபவர் நம் படத்தைப் பார்த்ததில்லை.

இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம், வியாபாரம்தான். கேமராவை ஒரு குடும்பம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்கினால் அதிகம். ரோலும் பிரின்ட்டும்தான் திரும்பத் திரும்ப வரும் காசு. 36 படமும் நன்றாக விழுந்தால் 36-க்கும் பிரின்ட் போடச் சொல்வார்கள். பாதி இருட்டடித்துப் போனால் பாதிக் காசு போச்சு. வாடிக்கையாளர் நன்றாகப் படம் எடுப்பதில் கடைக்கு நேரடியாக லாபம் இருந்தது. பர்மா பஜாரில் ஃபாரின் கேமரா மலிவாகக் கிடைத்த காலத்திலும் பில் போட்டு விற்ற கடைகள் ஈடுகொடுத்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஆனால், அந்தக் காலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. கேமராக்கள் பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கும். சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுக்கும் கடைகளும் உண்டு. பெண் ஒருவர் லென்ஸ் பற்றிக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் கணவருக்குப் பதில் சொல்வார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேமராவைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்க முடிகிறது. அது நல்ல மாற்றம்.

டிஜிட்டல் வந்ததும் கழுவ வேண்டிய ரோல் இல்லை, பிரின்ட்டும் குறைந்தது. கேமரா வாங்கியவர் கடைக்குத் திரும்பி வரக் காரணமே இல்லாமல் போனது. யோசனைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த வருமானம் அதோடு வற்றியது. பிறகு செல்போன். ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2023-ல் அது சுமார் 77 லட்சம்.

மிச்சம் இருந்த வாடிக்கையாளர்களிலும் ஒரு புது வகை வந்தது. கடையில் அரை மணி நேரம் கேமராவைத் தூக்கிப் பார்த்து, சந்தேகமெல்லாம் கேட்டுவிட்டு, வாசலில் நின்றே போனில் ஆர்டர் போடுபவர்கள். இது உலகம் முழுக்க நடந்தது. இங்கிலாந்தில் 1935-ல் லெஸ்டர் நகரில் தொடங்கிய ஜெசாப்ஸ் என்ற கேமராக் கடை, நாடு முழுக்கக் கிளை பரப்பியிருந்தது. 2013 ஜனவரியில் அதன் 187 கடைகளும் மூடப்பட்டன. ஒரு கிளையின் கண்ணாடியில், அமேசானில் வாங்கியதற்காக ஊழியர்கள் நன்றி சொல்வதுபோல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்தப் படம் பரவலாகச் சுற்றியது. அந்தக் குத்தல் பாதிதான் நியாயம். பல வருஷம் முன்பிருந்தே அந்த நிறுவனம் கடனில் தடுமாறிக்கொண்டிருந்தது.

இன்று தாக்குப்பிடித்து நிற்கும் கடைகள் முன்பு சும்மா செய்ததற்கு விலை வைத்திருக்கின்றன. சென்சார் சுத்தம் செய்ய இவ்வளவு, வாடகை லென்ஸுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இவ்வளவு. பழைய கேமரா வாங்க வருபவருக்கு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று காட்டுகிறார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆன்லைனில் போட்டோ பார்த்து வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது காலேஜ் பிள்ளைகள் சிலர் தாத்தாவின் யாஷிகாவைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வருகிறார்கள். ரோலின் விலையைக் கேட்டு மலைத்தாலும் வாங்குகிறார்கள். கேமராவின் முதுகைத் திறக்கத் தெரியாமல் கவுன்டரில் வைத்துவிட்டு நிற்கிறார்கள். தலை நரைத்த கடைக்காரர் நுனியை இழுத்துச் சொருகி, மூடி, லீவரைத் தள்ளுகிறார். “தம்பி, இந்தக் குமிழ் சுத்துதான்னு பாத்துக்கிட்டே எடுங்க.”