பளிச்சென்ற படம் ஆய்வாகாது

தரவு சரியாக இருந்தால் போதும், அதை எந்தப் படமாகப் போட்டாலும் ஒன்றுதான், பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவே. ஆய்வு மாணவர்கள் பலரிடமும் அவர்களை வழிநடத்துவோர் சிலரிடமும் ஊறிப்போன நம்பிக்கை இது. எக்செல்லில் நாலைந்து படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, வண்ணம் எடுப்பாக இருப்பதை ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பொருந்தாத படம் உண்மையான அளவீட்டையும் பொய் பேச வைக்கும்.

விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்து நெய்வேலியின் களிமண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பீங்கான் தொழில் வேரூன்றிய ஊர் இது. தொழிற்பேட்டையும், இத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. இங்கே பீங்கான் ஆய்வு என்றால் பெரும்பாலும் கலவையில்தான் தொடங்கும். களிமண் 50, ஃபெல்ட்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25 என்பது பீங்கானுக்குப் பாடநூல் சொல்லும் விகிதம். இந்த ஒரு கலவையைக் காட்டப் பை சார்ட் போதும். பத்துக் கலவைகளை ஒப்பிட வேண்டுமென்றால்? பத்து வட்டங்களை வரிசையாக வைத்தால் எதுவும் விளங்காது. அதற்கு ஏற்றது முக்கோணப் படம். அதில் மூன்று முனைகளும் மூன்று பொருள்கள்; ஒவ்வொரு கலவையும் ஒரு புள்ளி. எந்தப் பக்கம் போனால் பண்டம் கோணுகிறது, எந்தப் பக்கம் போனால் சுட்டதும் நன்கு இறுகுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது சூளை. சுட்ட பண்டம் ஆறும்போது 573 டிகிரி செல்சியஸை ஒட்டி அதிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் வேகமாக ஆறவிட்டால் விரிசல் விழும். அதனால் கவனமுள்ள மாணவர் மணிக்கு ஒருமுறை எடுத்த வெப்ப அளவை, அங்கே மட்டும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மணிக்கு 100 டிகிரி இறங்கியது. பிறகு 15 நிமிடத்தில் 30 டிகிரி, அதாவது மணிக்கு 120. எக்செல்லின் சாதாரண லைன் சார்ட் நேர இடைவெளியைப் பொருட்படுத்தாமல் எல்லா அளவையும் சம தூரத்தில் வைத்துவிடும். வேகம் கூடிய இடத்தில் கோடு சாய்வு குறைந்து தெரியும். விரிசலுக்குக் காரணமான இடத்தையே நிதானமாக ஆறிய இடமென்று படம் சாட்சி சொல்லும். நேரத்தை அதன் உண்மையான இடைவெளியில் வைக்கும் எக்ஸ்-ஒய் படம் போட்டிருந்தால் இந்தப் பிழையே வந்திராது.

வலிமைச் சோதனையிலும் இதே கதைதான். பீங்கான் சட்டென்று உடையும் பொருள். ஒரே மண், ஒரே சூளை, ஆனாலும் ஒரு துண்டு தாங்கும் சுமையை அடுத்தது தாங்காது. அந்தச் சிதறலே இங்கு முக்கியச் செய்தி. சராசரியை மட்டும் ஒரு பட்டையாக நிறுத்தினால் பலவீனமான துண்டு மறைந்துபோகிறது. வாங்குபவர் கையில் உடைவதோ அதுதான். ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாகக் காட்டுவதே நேர்மை.

“வாசகருக்கு எளிதாகப் புரிய வேண்டாமா, அதற்குத்தானே பை சார்ட்?” என்று கேட்பார்கள். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரே அளவுகோலின் மேல் உள்ள புள்ளிகளை நம் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. முப்பரிமாணப் பை சார்ட்டில் முன்னால் நிற்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகவே தோன்றும். எளிது என்று நாம் நம்புவது வெறும் பழக்கம்.

ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப்பிழையைச் சுழிக்கும் அதே சிவப்பு மையால், பொருந்தாத படத்தையும் சுழியுங்கள். இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று மாணவரைக் கேளுங்கள். பதில் வராத படத்தை நீக்கச் சொல்லுங்கள்.