வாளித் தண்ணீர் காட்டும் டிஃப்ராஸ்ட் கணக்கு

வள்ளூரைக் கடந்து காமராசர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரிசை கட்டிப் போகும் கன்டெய்னர் லாரிகளில் ரீஃபர் பெட்டிகளை எளிதில் அடையாளம் காணலாம். பெட்டியின் முன்பக்கத்தில் கம்ப்ரசரும் கன்டென்சர் விசிறியும் தெரியும். சரக்கு ஏற்றுவதற்கு முன் அவை யார்டில் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் செருகப்பட்டு, பி.டி.ஐ. என்ற பயணத்துக்கு முந்தைய சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனையில் டிஃப்ராஸ்ட்டும் அடக்கம். ஹீட்டர் சரியான ஆம்பியர் இழுக்கிறதா, காயில் சென்சார் ஏறும் வெப்பநிலையைக் காட்டுகிறதா, குறித்த அளவு வந்ததும் டிஃப்ராஸ்ட் தானாக நிற்கிறதா என்று கன்ட்ரோலரே பார்த்துப் பதிவு செய்துவிடுகிறது.

காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன் வைக்கும் கோல்ட் ரூம்களின் நிலை வேறு. பெரும்பாலான இடங்களில் டைமரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் என்று வைத்துவிட்டு மெக்கானிக் கிளம்பிவிடுகிறார். அந்த அரை மணியில் எவ்வளவு பனி உருகியது, எவ்வளவு மின்சாரம் போனது, காயில் முழுவதும் சுத்தமானதா என்பது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. குளிர்பதனத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் ஊறிய நகரத்துக்கு இது பெரிய குறை.

பனி ஏன் கட்டுகிறது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. காயிலின் மேற்பரப்பு பூஜ்யம் டிகிரிக்கும் கீழே, காற்றின் பனிநிலைக்கும் கீழே இருந்தால் ஈரம் நேரே பனியாகப் படியும். படிந்த பனி முதலில் ஃபின்களின் மேல் கம்பளி போர்த்தியதுபோல் வெப்பத்தைத் தடுக்கும். பிறகு ஃபின் இடைவெளியை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைக்கும். காற்று குறைந்தால் ஆவியாகும் வெப்பநிலை இறங்கும், அது இறங்கினால் பனி இன்னும் வேகமாகப் படியும். இந்தச் சுழலை உடைக்கத்தான் டிஃப்ராஸ்ட்.

ஆனால் எவ்வளவு பனி? இதில்தான் நம் ஊரின் கணக்கு மற்ற ஊர்களின் கணக்கிலிருந்து விலகுகிறது. ஹீட் பம்ப்பை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கும் நாடுகளில் அதிகப் பனி கட்டுவது கடுங்குளிரில் அல்ல. வெளிக்காற்று 2 டிகிரியை ஒட்டி, ஈரத்தோடு இருக்கும்போதுதான். 2 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 5.6 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 7 டிகிரியில் அது 3 கிராமுக்கும் கீழே போய்விடும். லேயின் வறண்ட குளிரை விட ஊட்டியின் மார்கழி இரவு ஹீட் பம்ப்பின் வெளிக் காயிலுக்குத் தொல்லை தரக்கூடியது என்பதற்கு இதுவே காரணம். இப்போது எண்ணூர் கழிமுகத்தின் ஓரத்துக்கு வாருங்கள். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்: கன மீட்டருக்கு 24 கிராம். மைனஸ் 20 டிகிரி அறைக்குள் இந்தக் காற்று நுழைந்தால் அதில் ஒரு கிராம் அளவுகூட நீராவியாக நிற்க முடியாது. மீதி 23 கிராமும் காயிலைத் தேடிப் போகும். 60 கன மீட்டர் உள்ள சிறிய அறையில் ஒரே ஒரு முறை முழுக் காற்றும் மாறினால், ஏறக்குறைய 1.4 கிலோ பனி சேரும். ஐரோப்பிய ஹீட் பம்ப் மிக மோசமான பருவத்தில் சந்திக்கும் ஈரத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல், திறந்த கதவு வழியாக, வருடம் முழுவதும் இங்கே உள்ளே வருகிறது.

இத்தனைக்கும் டிஃப்ராஸ்ட்டைச் சோதிக்கும் முறையை மிக நுணுக்கமாக வளர்த்திருப்பது ஹீட் பம்ப் துறைதான். அதிலிருந்து கோல்ட் ரூம்காரர்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஹீட் பம்ப்பில் நான்கு வழி ரிவர்சிங் வால்வு திரும்பியதும் வெளிக் காயில் கன்டென்சராகிவிடும். கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயு உள்ளிருந்தே பனியை உருக்கும். வெளி விசிறி நிற்கும். வீட்டுக்குள் குளிர்காற்று அடிக்காமல் உள் விசிறியும் நிற்கும், அல்லது துணை ஹீட்டர் இயங்கும். சில நிமிடங்களில் வெளி யூனிட்டிலிருந்து வெண்புகை எழும். வாடிக்கையாளர் பதறிப்போய் அழைப்பார். அது வெறும் நீராவி. காயில் குறித்த வெப்பநிலையை எட்டியதும், அல்லது பத்து நிமிடம்போல் வைத்த உச்ச நேரம் முடிந்ததும் வால்வு மறுபடி திரும்பும். இந்த இடைவெளியில் இயந்திரம் வீட்டுக்கு வெப்பம் தருவதில்லை என்பது மட்டுமல்ல, வீட்டிலிருந்தே வெப்பத்தை எடுத்துச் செலவழிக்கிறது. ஆகவே நன்றாக ஓடும் நேரத்தில் மட்டும் அளந்து திறன் இவ்வளவு என்று அறிவிப்பது நேர்மையாகாது.

சோதனைத் தரங்கள் இந்த நேர்மையை வற்புறுத்துகின்றன. ஐ.எஸ்.ஓ. 5151, இ.என். 14511 ஆகியவற்றில் 2 டிகிரி உலர் குமிழ், 1 டிகிரி ஈரக் குமிழ் என்ற நிலை இருப்பது பனி கட்ட வைப்பதற்காகவே. அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.ஐ. 210/240 தரத்தில் அது 35, 33 டிகிரி ஃபாரன்ஹீட். அங்கே அளவீடு ஒரு டிஃப்ராஸ்ட் முடியும் நொடியில் தொடங்கி அடுத்த டிஃப்ராஸ்ட் முடியும் நொடியில் நிற்கும். இடையில் கொடுத்த வெப்பம், திருப்பி எடுத்த வெப்பம், செலவான மின்சாரம் எல்லாம் ஒரே கணக்கில் வரும். பனி கட்டியதை உணர்ந்து தேவைப்படும்போது மட்டும் டிஃப்ராஸ்ட் செய்யும் இயந்திரத்துக்கு அந்தத் தரம் அதிகபட்சம் 3 சதவீதம் சலுகைக் காரணி தருகிறது. சிறிய எண்தான். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துச் செய்வதை விடக் காயிலைப் பார்த்துச் செய்வது மேல் என்பதை அது எழுத்தில் வைத்திருக்கிறது.

வள்ளூருக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் டைக்கின், புளூ ஸ்டார் போன்றவற்றின் ஏ.சி. ஆலைகள் வந்துவிட்டன. வெப்பமும் குளிரும் தரும் மாடல்களைச் சோதிப்பவர்கள், வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் சோதனை அறைக்குள் 2 டிகிரி ஈரக்குளிரை உண்டாக்கித்தான் ஆக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இப்படியே. ஐ.இ.சி. 62552 தரம், டிஃப்ராஸ்ட்டுக்கும் அதன் பின் மீண்டும் குளிர்வதற்கும் கூடுதலாகச் செலவாகும் மின்சாரத்தைத் தனியே அளந்து நாள் கணக்கில் சேர்க்கிறது. 250 லிட்டர் ஃப்ரிட்ஜுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், டன் கணக்கில் வஞ்சிரமும் இறாலும் அடுக்கிய அறைக்குக் கிடைக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு வாளி, ஒரு தராசு, ஹீட்டர் லைனில் ஒரு எனர்ஜி மீட்டர் போதும். மைனஸ் 25 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 50 கிலோஜூல்போல் ஆகும், உருக்க 334 கிலோஜூல். மொத்தம் ஏறக்குறைய 386. ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். எடுத்துக்காட்டாக, 6 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடி 3 யூனிட் எடுத்தது, வடிகால் குழாயில் வைத்த வாளியில் 6 கிலோ தண்ணீர் சேர்ந்தது என்று கொள்வோம். செலவு 10,800 கிலோஜூல், பனி உருகப் பயன்பட்டது 2,316. நூற்றுக்கு 21 பங்கு. மீதியில் ஒரு பகுதி ஃபின், குழாய், தட்டு ஆகியவற்றின் உலோகத்தைச் சூடாக்கியது. அதைத் தவிர்க்க முடியாது. மற்றது அறைக்குள் வெப்பமாகவும் நீராவியாகவும் போய், கூரையிலும் அட்டைப்பெட்டிகளிலும் வெண்பனியாக ஒட்டிக்கொண்டது. அந்த வெப்பத்தை வெளியேற்றக் கம்ப்ரசர் மறுபடி ஓட வேண்டும். ஒரே வெப்பத்துக்கு முதலாளி இரண்டு முறை மின்கட்டணம் கட்டுகிறார்.

அதே வாளியில் 6 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ மட்டும் வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. பனியே இல்லாத காயிலைச் சூடாக்கியிருக்கிறோம், அல்லது உருகிய நீர் வெளியே வராமல் தட்டிலோ வடிகாலிலோ உறைந்து நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; சரக்கு வரத்தும் கதவு திறப்பதும் குறையும். அப்போதும் டைமர் பழையபடி நாளுக்கு நான்கு முறை சுட்டுக்கொண்டிருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி வீண். ஐப்பசி அடைமழையில் லாரி லாரியாக இறக்கும் நாளிலோ அதே நான்கு முறை போதாமல் போகலாம். ரீஃபர் பெட்டிகள் இந்த விஷயத்தில் முன்னே போய்விட்டன. கேரியரின் பல மாடல்களில் இடைவெளியை 3, 6, 9, 12, 24 மணி என்றும் வைக்கலாம், ஆட்டோவிலும் விடலாம். ஆட்டோவில் கன்ட்ரோலரே இடைவெளியைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும். டிஃப்ராஸ்ட் நிற்பது நேரத்தால் அல்ல, முடிவு சென்சார் 25.6 டிகிரியைத் தொடுவதால்.

முடிவு சென்சார் எங்கே இருக்கிறது என்பது எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். அது கடைசியாக உருகும் இடத்தில் இருக்க வேண்டும். ஹீட்டரை ஒட்டிக் கட்டிவிட்டால் ஐந்தே நிமிடத்தில் சூடாகி டிஃப்ராஸ்ட்டை நிறுத்திவிடும். காயிலின் அடிப்பகுதியில் மிஞ்சிய பனி அடுத்த சுற்றில் கெட்டிப் பனிக்கட்டியாகும், அதற்கடுத்த சுற்றில் ஃபின்னை நசுக்கும். அந்த நிலைக்குப் போன காயிலைக் கம்பியால் குத்திச் சுரண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் செய்கிறார்கள். உருகிய நீர் சொட்டி முடிய சில நிமிடம், பிறகு விசிறியை நிறுத்தி வைத்துக் காயிலைக் குளிரவிட இரண்டு நிமிடம் என்ற தாமதங்களையும் பலர் நேரம் மிச்சம் என்று வெட்டிவிடுகிறார்கள். விளைவு, ஈரக் காயிலிலிருந்து விசிறி நீரை வாரிக் கூரையில் இறைக்கிறது. ஒவ்வொரு டிஃப்ராஸ்ட்டிலும் அறை வெப்பநிலை ஏறி இறங்கினால் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய மீனுக்குள் பனிப்படிகங்கள் பெரிதாகித் தசையைக் கிழிக்கும். சமைக்க எடுக்கும்போது சாறாக வடிந்து போவது அந்த மீனின் எடைதான்.

அம்மோனியா ஆலைகளில் டிஃப்ராஸ்ட் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. அங்கே ஹீட்டர் இல்லை. ஹீட் பம்ப்பைப் போலவே சூடான வாயு காயிலுக்குள் திருப்பிவிடப்படுகிறது. 2010 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தியோடர் என்ற துறைமுகப் பகுதியிலுள்ள மில்லார்ட் குளிர்பதனக் கிடங்கில் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். முந்தின நாள் ஏழு மணி நேரத்துக்கு மேல் மின்தடை. மின்சாரம் வந்தபின் இயந்திரங்களை மீட்கும் வேலையில், ஆபரேட்டர் கன்ட்ரோல் சிஸ்டத்தில் அலாரங்களை நீக்கி ரீசெட் செய்தார். டிஃப்ராஸ்ட்டின் நடுவில் இருந்த பிளாஸ்ட் ஃப்ரீசர் காயில், உள்ளிருந்த சூடான வாயுவின் அழுத்தத்தை மெல்ல இறக்கும் கட்டத்தைத் தாண்டி நேரே குளிரூட்டும் நிலைக்குப் போய்விட்டது. உயர் அழுத்த வாயுவும் மிகக் குளிர்ந்த திரவமும் ஒரே குழாயில் சந்தித்தன. அந்த அதிர்ச்சியில் காயிலும், கூரைமேல் ஓடிய 12 அங்குலச் சக்ஷன் குழாயும் உடைந்தன. 32,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 14 டன் அம்மோனியா வெளியேறியது. கிடங்குக்கு வெளியே இருந்த 150க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 32 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், அவர்களில் நால்வர் தீவிர சிகிச்சையில்.

அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த பாடங்கள் நேரடியானவை. ஓடிக்கொண்டிருக்கும் டிஃப்ராஸ்ட்டைக் கையால் இடைமறிக்க விடாதீர்கள். கன்ட்ரோல் சிஸ்டத்துக்குக் கடவுச்சொல் போடுங்கள். பெரிய காயில்களை ஒரே வால்வுத் தொகுப்பில் கோக்காதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடிய மக்கள், அந்த வாயு என்ன செய்யும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். அது குளிர்பதன ஆலையின் விபத்து அல்ல. ஆனால் குடியிருப்புகளை ஒட்டி அம்மோனியா ஐஸ் பிளாண்ட் நடத்தும் பகுதியில், மின்சாரம் போய் வந்ததும் எந்த வரிசையில் எதைத் திறப்பது என்பது ஆபரேட்டரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கக்கூடாது. பேனலின் மேல் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

கதவுக்குப் பட்டைத் திரை, முன்னறை, வடிகால் ஹீட்டர் எல்லாம் வேண்டியவைதான். அவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பேசாமல் விட்டது அளவீட்டைத்தான். ஆகவே இவ்விதழ் ஒப்பந்தக்காரர்களையும், சர்வீஸ் மெக்கானிக்குகளையும், அறை உரிமையாளர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறது. அடுத்த கோல்ட் ரூமை ஒப்படைக்கும் அறிக்கையில், அறை முழுச் சரக்கோடு ஓடிய பின் நடந்த ஒரு டிஃப்ராஸ்ட்டின் நான்கு எண்களை எழுதுங்கள்: வாளியில் விழுந்த தண்ணீரின் எடை, மீட்டர் காட்டிய யூனிட், டிஃப்ராஸ்ட் நின்றபோது காயிலின் வெப்பநிலை, அறை பழைய வெப்பநிலைக்குத் திரும்ப எடுத்த நிமிடங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, தடைக்காலத்தில் ஒரு முறை அதே நான்கையும் மறுபடி எடுங்கள். இந்த எண்கள் இல்லாத அறிக்கையில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டாம்.