வயசான வண்டி ஆடத்தான் செய்யுமாம்!

“வண்டிக்கு வயசாயிடுச்சு, ஆடத்தான் செய்யும். இதுக்குப் போய்க் காசைக் கொட்டுறீங்களே சகலை, பேசாம தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க.” போன ஞாயிறு ஒரு காதுகுத்துப் பந்தியில் எனக்கு அருளப்பட்ட உபதேசம் இது. வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. எங்கள் வீட்டு எஸ்யூவிகூட அப்படி ஆடாது.

ஆடுவது வண்டி இல்லை ஐயா, அதிலிருக்கும் ரப்பரும் எண்ணெயும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போவதால்தான் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. உள்ளே வால்வும் சீலும் தேய்ந்தால் அடங்காது. சஸ்பென்ஷன் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ், வண்டி ஓடினாலும் ஷெட்டில் தூங்கினாலும், வருஷம் ஏற ஏற இறுகி வெடிக்கும். இரண்டுமே மாற்றுவதற்கென்று செய்த சாமான்கள். செருப்புத் தேய்ந்ததற்குக் காலை மாற்றச் சொல்கிறார்கள்.

குவாலிஸைப் பாருங்கள். 2000-இல் வந்தது, 2005-இல் தயாரிப்பே நின்றுபோனது. பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். இன்று ஓடுகிற எந்தக் குவாலிஸுக்கும் 20 வயசுக்குக் குறைவில்லை. இருந்தும் ஆளை அடைத்துக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போய்வருகிறது. மலையில் மூலிகை வைத்தா கட்டினார்கள்? பட்டை படுத்தால் பட்டை, புஷ் போனால் புஷ், ஷாக் போனால் ஷாக். அவ்வளவுதான் வைத்தியம்.

“எண்ணெய் ஒழுகலையே, ஷாக் நல்லாத்தானே இருக்கு?” இது அடுத்த முத்து. ஒரு சொட்டு ஒழுகாமலே செத்துப்போன ஷாக்கோடு எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. பிரேக் அடித்தால் மூக்கு தரையைப் பார்க்கும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும், திட்டு வாங்குவது டயர் கடைக்காரர். மாசாமாசம் அலைன்மென்ட் வேறு. புஷ் லொடலொடவென்று கிடக்கும்போது அலைன்மென்ட் எங்கே நிற்கும்? உயரமான வண்டி, வளைவில் சாயவே செய்யும். அதில் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செத்த ஷாக்கோடு ஏற்காடு இறங்குகிறவர்தான் நம் ஊரில் சிக்கனக்காரர்.

இன்னொரு கூட்டம் காயில் ஸ்பிரிங் நடுவே ரப்பர் வளையத்தைச் செருகி, “புது வண்டி மாதிரி ஆயிடுச்சு” என்கிறது. ஸ்பிரிங்கை அசையவிடாமல் செய்வதற்குப் பெயர் சொகுசு! குவாலிஸில் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. கொடுத்துவைத்த வண்டி.

ஒழுங்காக மாற்ற நினைத்தாலும் விடுகிறார்களா? வண்டி லிஃப்டில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். பாரம் சக்கரத்தில் நின்றபின் முறுக்கச் சொன்னால், “நாங்க பாக்காத வண்டியா சார்?”

பிறகு அந்த வேகத்தடைகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதித்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருவில் இருப்பது வயல் வரப்பு. அதற்கு வெள்ளைப் பெயின்ட்டும் இல்லை. புஷ்ஷைத் தின்பது அதுதான், பழி வண்டியின் வயசுக்கு.

சரி, சகலை சொன்னபடி புதுசே எடுக்கலாம். பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி மட்டும் 40 சதவீதம், மேலே சாலை வரி, இன்ஷூரன்ஸ், வருஷக்கணக்கில் இஎம்ஐ. அந்த இஎம்ஐ ஒன்றிரண்டைச் சேர்த்தால் நாலு ஷாக்கும் புஷ் செட்டும் வந்துவிடும். நான் தள்ளிவிட்ட பழைய வண்டியை வாங்குகிறவர் என்ன செய்வார்? நேரே மெக்கானிக்கிடம் விட்டு, புஷ்ஷும் ஷாக்கும் போட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். டிராவல்ஸ்காரர்கள் குவாலிஸ்களை வாங்கியது அப்படித்தான். விற்றவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.